பென்சில்வேனியா சுற்றுலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூஜெர்சியிலோ மேரிலாண்டிலோ இருப்பவர்கள், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அழைத்துப் போக இடம் தேடுபவர்கள், இந்தியாவிலிருந்து நேராகத் திட்டம் போடுபவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் சில பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போகும். கட்டணமும் திறக்கும் நேரமும் மாறக்கூடியவை, கிளம்பும் வாரத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நயாகரா போற வழியில பென்சில்வேனியா வருது, அவ்வளவுதானே? தனியா பார்க்க அங்க என்ன இருக்கு?

தெற்கே வரலாறு, வடக்கே காடு. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் திட்டம் முடிந்தது. தென்கிழக்கு மூலையில் உள்ள பிலடெல்பியாவில்தான் 1776இல் சுதந்திரப் பிரகடனமும் 1787இல் அரசியல் சட்டமும் உருவாயின. அங்கிருந்து மேற்கே போகப் போக நவீன வசதிகளை ஒதுக்கிக் குதிரை வண்டியோடு வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தின் பண்ணைகள், உள்நாட்டுப் போர்க்களமான கெட்டிஸ்பர்க், கடைசியில் பிட்ஸ்பர்க். மாநிலத்தின் மேல்பாதியில் மலை, அருவி, பள்ளத்தாக்கு, இரவில் ஒரு விளக்கு கூடத் தெரியாத கானகம்.

மாநிலப் பரப்பில் பாதிக்கு மேல் இன்றும் காடுதான். ஆனால் அது ஆதிக்காடு என்று நினைத்துவிடாதீர்கள். 1800களில் கப்பல் பாய்மரத்துக்கு வெள்ளைப் பைனையும், தோல் பதனிடும் பட்டைக்கு ஹெம்லாக்கையும் வெட்டி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைகளை மொட்டையாக்கிவிட்டார்கள். இப்போது பார்ப்பது அதற்குப் பிறகு மீண்டு வளர்ந்தது. வெட்டாமல் தப்பிய பெருமரங்களைப் பார்க்க விரும்பினால் வடமேற்கில் குக் ஃபாரஸ்ட் மாநிலப் பூங்காவுக்குப் போகலாம்.

எந்த மாசம் போனா நல்லது? இலை கலர் மாறுறது எப்போ?

இலை நிறம் ஒரே நாளில் மாநிலம் முழுக்க மாறாது. வடக்கு மலைகளில் செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் முதல் பாதியில் உச்சம். நடு மாவட்டங்களில் அக்டோபர் நடுப்பகுதி. பிலடெல்பியா பக்கம் அக்டோபர் கடைசி, சில ஆண்டு நவம்பர் முதல் வாரம். மாநில வனத்துறை அந்தப் பருவத்தில் வாரந்தோறும் மாவட்டவாரியாக நிலவரம் வெளியிடுகிறது. அதைப் பார்த்து விடுதியை முடிவு செய்யுங்கள், அக்டோபர் இரண்டாவது திங்களை ஒட்டி வரும் கொலம்பஸ் தின நீண்ட வார இறுதியை மட்டும் தவிருங்கள். வடக்கே இருக்கும் சின்ன ஊர்களில் அறைகள் குறைவு.

அருவிக்கு மே மாதமும், மழை பெய்த மறுநாளும். ஆகஸ்டில் பல அருவிகள் நூலாக இளைத்துவிடும். ஜூன் நடுவில் மலைச்சரிவெங்கும் மவுண்டன் லாரல் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும், மாநில மலர் அதுதான். ஜூலை 4 அன்று பிலடெல்பியா வேண்டவே வேண்டாம், கூட்டத்தைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் ஒழிய.

எத்தனை நாள் லீவு போடணும்? ஒரு ரூட் சொல்லுங்க.

பிலடெல்பியாவிலிருந்து பிட்ஸ்பர்க் சுமார் 305 மைல், எங்கும் நிற்காமல் ஓட்டினால் 5 மணி நேரம். வரைபடத்தில் ஒரு விரலளவு தெரிவதை நம்பி மூன்று நாளில் முழு மாநிலத்தையும் முடிக்கத் திட்டம் போடுபவர்கள் பார்ப்பது நெடுஞ்சாலையை மட்டும்தான்.

நான்கு நாள் என்றால் தெற்கோடு நிறுத்துங்கள்: பிலடெல்பியா இரண்டு நாள், ஆமிஷ் பண்ணைகள் உள்ள லங்காஸ்டர் ஒரு நாள், கெட்டிஸ்பர்க் ஒரு நாள். ஏழு நாள் இருந்தால் கெட்டிஸ்பர்க்கிலிருந்து ஒரு திசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேற்கே போனால் அருவி மேல் கட்டிய ஃபாலிங்வாட்டர் வீடு, பிட்ஸ்பர்க். வடக்கே போனால் 15ஆம் எண் சாலை ஹாரிஸ்பர்க், வில்லியம்ஸ்போர்ட் வழியாக ஏறக்குறைய நேர்கோடாக மேலே ஏறும். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலில் வெல்ஸ்போரோ என்ற சின்ன ஊர். அங்கே தங்கிக்கொண்டு பைன் க்ரீக் பள்ளத்தாக்கும் செர்ரி ஸ்பிரிங்ஸ் இரவு வானமும் பார்க்கலாம். இரண்டு திசையும் வேண்டும் என்றால் பத்து நாள். எங்களைக் கேட்டால், ஏழு நாளில் வடக்குதான். நகரங்களை அமெரிக்காவில் வேறெங்கும் பார்த்துக்கொள்ளலாம்.

கார் இல்லாம முடியுமா?

தெற்கில் பாதி முடியும். பிலடெல்பியா விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு செப்டா என்ற உள்ளூர்ப் போக்குவரத்து நிறுவனத்தின் ரயில் இருக்கிறது, சுமார் 25 நிமிடம். பிலடெல்பியாவிலிருந்து லங்காஸ்டர், ஹாரிஸ்பர்க் வரை அமெரிக்காவின் தேசிய ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் கீஸ்டோன் ரயில்கள் நாள் முழுக்க ஓடுகின்றன. லங்காஸ்டருக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஆனால் பண்ணைகள் ஊருக்கு வெளியே என்பதால் அங்கே இறங்கி மறுபடி வண்டி பிடிக்க வேண்டும்.

பிட்ஸ்பர்க்குக்கு 'பென்சில்வேனியன்' என்ற ரயில் போகிறது. காரை விட மெதுவாகத்தான் போகும், ஏழு மணி நேரத்துக்கு மேல். ஆனாலும் அல்டூனாவுக்கு அருகே 1854இல் மலையைச் சுற்றி அமைத்த ஹார்ஸ்ஷூ கர்வ் வளைவில் அது திரும்பும்போது, ஜன்னல் வழியே தன் ரயிலின் மறுமுனையையே பார்க்க முடியும். கெட்டிஸ்பர்க்குக்குப் பயணிகள் ரயில் கிடையாது. வடக்குக் காடுகளுக்குக் கார் இல்லாமல் வழியே இல்லை.

தமிழ்நாட்டு லைசென்ஸை வச்சு ஓட்டலாமா?

சுற்றுலா வந்தவர்கள் செல்லுபடியாகும் வெளிநாட்டு உரிமத்தோடு ஓராண்டு வரை இங்கே ஓட்டலாம். சர்வதேச ஓட்டுநர் அனுமதி கட்டாயமில்லை, ஆனால் கையில் இருந்தால் போலீஸிடமும் கார் வாடகைக் கடையிலும் பேச்சு சுருக்கமாக முடியும். அதை இந்தியாவில் இருக்கும்போதே ஆர்.டி.ஓ. வழியாக வாங்கிவிட வேண்டும். அசல் உரிமம் இல்லாமல் அது மட்டும் இருந்தால் பயனில்லை. ஓட்டுபவருக்கு 25 வயது ஆகவில்லை என்றால் வாடகை நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் வாங்கும்.

நம்மவர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. 'ஸ்டாப்' பலகையில் சக்கரம் முழுவதும் நிற்க வேண்டும், மெதுவாக உருட்டிப் போவது கணக்கில் வராது. மஞ்சள் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கு மின்ன நின்றால், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் எதிர்ப்பக்கம் வருபவர்களும் நின்றாக வேண்டும். 2025 ஜூன் முதல் வண்டி ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பதற்கும் தடை, சிக்னலில் நிற்கும்போதும் சேர்த்து. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வயதுக்கேற்ற இருக்கை தேவை, இரண்டு வயது வரை பின்னோக்கிய இருக்கை.

டோல் பூத்தே காணோம், ஆனா ஊருக்கு வந்தப்புறம் பில் வருதே?

மாநிலத்தின் குறுக்கே போகும் டோல் நெடுஞ்சாலையான பென்சில்வேனியா டர்ன்பைக்கில் பணம் வாங்க ஆள் கிடையாது. ஈசி-பாஸ் கருவி இருந்தால் அதில் கழியும், இல்லையென்றால் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து வண்டி உரிமையாளருக்கு பில் அனுப்புவார்கள். அப்படி வருவது ஏறக்குறைய இரு மடங்கு. வாடகைக் கார் என்றால் நிறுவனம் தன் சேவைக் கட்டணத்தையும் மேலே போடும், சில இடங்களில் டோல் சாலையில் ஏறாத நாளுக்கும் சேர்த்து. சாவி வாங்கும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சொந்தமாக ஈசி-பாஸ் வைத்திருப்பவர்கள் வாடகைக் காரின் எண்ணைத் தங்கள் கணக்கில் தேதியோடு சேர்த்து, காரைத் திருப்பிக் கொடுத்ததும் நீக்க வேண்டும். மறந்தால் அடுத்து ஓட்டுபவரின் டோலும் உங்கள் தலையில்தான். காரின் முன்கண்ணாடியில் வாடகை நிறுவனத்தின் கருவிப் பெட்டி இருந்தால் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே இடத்துக்கு இரண்டு முறை கழியும். அவசரமில்லை என்றால் கிழக்கு மேற்காகப் போக வடக்கே ஐ-80 இருக்கிறது, மாநிலத்துக்குள் அதில் டோல் கிடையாது.

பிலடெல்பியால இண்டிபெண்டன்ஸ் ஹால் டிக்கெட் கிடைக்கலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எப்படி வாங்கறது?

மேலே சொன்ன பிரகடனமும் அரசியல் சட்டமும் உருவான கட்டிடம் இதுதான், உள்ளே நுழைய நேரம் குறித்த சீட்டு வேண்டும். அரசின் ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் முன்பதிவு, நுழைவு இலவசம், பதிவுக்குச் சீட்டுக்கு 1 டாலர். கோடையிலும் விடுமுறை வாரங்களிலும் காலை நேரங்கள் முதலில் தீரும், எனவே பயணத் தேதி முடிவானதும் செய்யும் முதல் வேலை இதுவாக இருக்கட்டும். பாதுகாப்புச் சோதனை உண்டு, குறித்த நேரத்துக்கு அரை மணி முன்னால் போய் நில்லுங்கள். தாமதமானால் அடுத்த குழுவில் சேர்ப்பார்கள் என்று நம்ப வேண்டாம்.

வெடிப்பு விழுந்த பழைய மணியான லிபர்ட்டி பெல் இருப்பது வேறு கட்டிடம், சீட்டே தேவையில்லை. வரிசை நீளமாக இருந்தால், செஸ்ட்நட் தெருப் பக்கம் வெளியிலிருந்தே கண்ணாடி வழியாக மணியின் வெடிப்பைப் பார்க்கலாம். கார் நிறுத்தும் கட்டணம் கடுப்பேற்றும். நகரத்துக்குள் இருக்கும் இரண்டு நாளும் கார் வேண்டாம், மூன்றாம் நாள் காலை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வேலி ஃபோர்ஜ் வழியாகக் கிளம்புங்கள். 1777-78 குளிர்காலத்தில் வாஷிங்டனின் படை முகாமிட்ட இடம் அது. போரே நடக்காத அந்த முகாமில், நோயால் மட்டும் ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள். நுழைவு இலவசம்.

கெட்டிஸ்பர்க்ல வெறும் புல்வெளியும் சிலையும்தான்னு சொல்றாங்களே, குழந்தைங்களுக்கு போரடிக்காதா?

சும்மா சுற்றினால் பெரியவர்களுக்கே போரடிக்கும். வட மாநிலப் படையும் தென்மாநிலப் படையும் 1863 ஜூலை 1, 2, 3 ஆகிய மூன்று நாள் மோதிய சண்டையில் இறந்தோர், காயம்பட்டோர், காணாமல் போனோர் சேர்த்துச் சுமார் 51,000 பேர். ஆனால் கண்ணுக்குத் தெரிவது வேலியும் வயலும்தான், எந்த மேட்டில் யார் நின்றார்கள் என்று தெரியாவிட்டால் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். அதனால் முதலில் அருங்காட்சியகம். களத்துக்குக் கட்டணமில்லை, அருங்காட்சியகத்துக்கு உண்டு. உள்ளே சைக்ளோராமா என்ற வட்ட ஓவியம், 377 அடி நீளம். நடுவில் நின்றால் மூன்றாம் நாள் சண்டை உங்களைச் சுற்றி நடக்கும்.

பிறகு 24 மைல் கார் சுற்று. இதில் பணம் செலவழிக்கத் தகுந்தது உரிமம் பெற்ற வழிகாட்டி. அவரே உங்கள் காரை ஓட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் கதை சொல்வார், கடினமான தேர்வு எழுதி வந்தவர்கள். முன்பதிவு அவசியம். லிட்டில் ரவுண்ட் டாப் மேட்டில் ஏறி நின்று பாருங்கள். மூன்றாம் நாள் பிற்பகலில் சுமார் 12,000 தென்மாநில வீரர்கள் ஏறக்குறைய ஒரு மைல் வெட்டவெளியைக் கடந்து நடந்து வந்த திடலை, மரங்கள் ஓரத்திலிருந்து ஒரு கால் மைலாவது குழந்தைகளோடு நடந்து பாருங்கள். ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும். கோடையில் அந்த வெயிலுக்குத் தண்ணீரும் தொப்பியும் வேண்டும்.

ஆமிஷ் மக்களோட போட்டோ எடுத்துக்கலாமா? ஞாயித்துக்கிழமை போனா பரவாயில்லையா?

முகம் தெரியப் படம் எடுக்காதீர்கள். படத்துக்கு நிற்பதை அவர்கள் சமய நம்பிக்கை ஏற்பதில்லை. குதிரை வண்டி, வயல், கொடியில் காயும் துணி எல்லாம் எடுக்கலாம், ஆள் முகம் மட்டும் வேண்டாம். குழந்தைகள் அழகாக இருக்கிறார்கள் என்று ஜூம் செய்வதும் இதில் அடக்கம். கேட்டைத் திறந்துகொண்டு வீட்டுக்குள் போவதும் கூடாது. வீடு எப்படி இருக்கும் என்று பார்க்க, பார்வையாளர்களுக்கென்றே வைத்திருக்கும் பண்ணை வீடுகள் 30, 340ஆம் எண் சாலைகளை ஒட்டி உள்ளன.

ஞாயிறு வேண்டாம். அன்று அவர்கள் கடைகள் எல்லாம் மூடியிருக்கும். லங்காஸ்டர் நகரின் சென்ட்ரல் மார்க்கெட் செவ்வாய், வெள்ளி, சனி மட்டும். சாலையோரப் பண்ணைக் கடைகளுக்குச் சில்லறை டாலர் கையில் வையுங்கள். முன்னால் குதிரை வண்டி போனால் ஹாரன் அடிக்காதீர்கள், குதிரை மிரளும். இடம் கிடைக்கும்வரை பின்னால் போய், நன்றாக விலகி முந்துங்கள்.

அருவி பார்க்கணும், ஆனா அம்மாவுக்கு முட்டி வலி. எங்க போகலாம்?

பெயர் பெற்றது வடகிழக்கில் உள்ள ரிக்கெட்ஸ் க்ளென் மாநிலப் பூங்கா. பெயர் சூட்டிய அருவிகளே 22, உயரமானது 94 அடி கனோகா. அந்தக் காட்டின் பழைய உரிமையாளர் புரூஸ் ரிக்கெட்ஸ், மேலே சொன்ன கெட்டிஸ்பர்க் போரின் இரண்டாம் நாள் மாலை ஈஸ்ட் செமெட்ரி ஹில் மேட்டில் பீரங்கிப் படையை நடத்தியவர். தெற்கையும் வடக்கையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு இது ஒரு நல்ல முடிச்சு. முழுச் சுற்று 7.2 மைல். லேக் ரோஸ் பக்கமிருந்து தொடங்கும் மேல் சுற்று 3.2 மைல், அருவிகளில் பெரும்பாலானவை அதிலேயே வந்துவிடும். கல்படிகள் செங்குத்தானவை, எப்போதும் ஈரம். ஸ்னீக்கர் வழுக்கும், பிடிப்புள்ள நடைக்காலணி வேண்டும். சனி ஞாயிறில் காலை ஒன்பதுக்குள் போகாவிட்டால் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது சிரமம்.

முட்டி வலிக்கு இது சரிப்படாது. ஆனால் 118ஆம் எண் சாலை ஓரத்து நிறுத்தத்திலிருந்து சிறிது தூரத்திலேயே ஆடம்ஸ் அருவி இருக்கிறது, அம்மா அதைப் பார்த்துவிட்டு உட்காரலாம். இன்னும் வசதி வேண்டுமா? வெல்ஸ்போரோவுக்கு அருகே லெனார்ட் ஹாரிசன் பூங்காவில் பைன் க்ரீக் பள்ளத்தாக்கின் காட்சிமேடை காரிலிருந்து சில அடிதான். 'பென்சில்வேனியாவின் கிராண்ட் கேன்யன்' என்கிறார்கள். அரிசோனாவை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம், பச்சைப் பள்ளத்தாக்கு என்று போனால் நிறைவு. வடமேற்கில் உள்ள கின்சூவா பாலமும் சக்கர நாற்காலிக்கு ஏற்றது. 2003 ஜூலையில் சூறாவளி ரயில் பாலத்தின் நடுப்பகுதியைச் சாய்த்தது, மிஞ்சியதை 2011இல் நடைமேடையாக்கினார்கள். முனையில் கண்ணாடித் தரை, கீழே 225 அடி. விழுந்த இரும்புக் கால்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. மாநிலப் பூங்காக்கள் எதிலும் நுழைவுக் கட்டணமும் இல்லை, நிறுத்தக் கட்டணமும் இல்லை.

கரடி வருமா?

கருங்கரடி உண்டு, பெரும்பாலும் உங்களைக் கண்டால் அதுதான் ஓடும். சாப்பாட்டைக் கூடாரத்தில் வைக்காமல் காரில் பூட்டுங்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது எள் அளவே உள்ள உண்ணிக்கு. உண்ணி கடித்தால் வரும் லைம் நோய் அதிகம் பதிவாகும் மாநிலங்களில் இது ஒன்று. மே முதல் ஜூலை வரை கண்ணுக்கு எளிதில் தெரியாத குட்டி உண்ணிகள், அக்டோபர், நவம்பரில் வளர்ந்தவை.

முழுக்கால் சட்டையை சாக்ஸுக்குள் செருகுங்கள். துணிக்கு பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தை முன்கூட்டியே தெளித்துக் காயவிடுங்கள், அது தோலுக்கு அல்ல. தோலுக்கு டீட் கலந்த மருந்து. உயரப் புல்லில் இறங்காமல் பாதையின் நடுவிலேயே நடங்கள். விடுதிக்கு வந்ததும் குளித்து, முட்டிப் பின்புறம், இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், குழந்தைகளின் தலைமுடிக்குள் தேடுங்கள். ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், நெருப்பு, நெயில் பாலிஷ் வைத்தியம் எதுவும் வேண்டாம். பிறகு சில வாரங்களுக்குள் காய்ச்சலோ வட்டமாகப் படரும் தடிப்போ வந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பியபின் வந்தாலும் சொல்லுங்கள், இந்தியாவில் அதை யாரும் முதலில் நினைக்க மாட்டார்கள்.

செர்ரி ஸ்பிரிங்ஸ்ல பால்வீதி தெரியும்னு போனோம், ஒண்ணும் தெரியல. ஏன்?

அநேகமாக நிலா. பௌர்ணமிக்கு முன்பின் வாரத்தில் அங்கே போவதில் பொருளில்லை. அமாவாசையை ஒட்டிய நாள், ஜூன் முதல் செப்டம்பருக்குள், மேகமில்லாத இரவு என மூன்றும் சேர வேண்டும். நமக்குத்தான் நாள்காட்டியிலேயே அமாவாசை இருக்கிறதே, அதைப் பார்த்து அறை எடுங்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணி ஆகும், நடுவில் ஒரு முறை போன் திரையைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து.

இருட்டும் முன்பே போய்ச் சேருங்கள். வெள்ளை விளக்குக்கு அனுமதியில்லை, சிவப்பு விளக்கு மட்டும். கதவைத் திறந்தால் தானாக எரியும் காரின் உள்விளக்கை முன்பே அணைத்து வைக்கவும். சும்மா பார்க்க வருபவர்களுக்குச் சாலைக்கு வடபுறம் இலவசத் திடல், இரவு முழுக்கத் தொலைநோக்கியோடு தங்க எதிர்ப்புறம் பதிவும் கட்டணமும் உள்ள திடல். 2,300 அடி உயரம், ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும். செல்போன் சிக்னல் வழியிலேயே போய்விடும், வரைபடத்தை இறக்கி வைத்து, கவுடர்ஸ்போர்ட்டிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் மான் குறுக்கே பாயும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்றே வைத்து ஓட்டுங்கள்.

ஃபாலிங்வாட்டருக்கு நாலு வயசுப் பையனோட போகலாமா?

அருவியின் மேலேயே ஃபிராங்க் லாய்ட் ரைட் 1935இல் வரைந்த வீடு இது. வழிகாட்டியுடன் வீட்டுக்குள் போக ஆறு வயது ஆகியிருக்க வேண்டும். எனவே ஒருவர் பையனோடு வெளியே நிற்க வேண்டியிருக்கும், வளாகத்தில் நடந்து வீட்டை வெளியிலிருந்து பார்க்கத் தனிச் சீட்டு உண்டு. புதன்கிழமை விடுமுறை. வார இறுதிக்குப் பல நாள் முன்பே பதிவு தீர்ந்துவிடும். பையனுக்குப் பக்கத்து ஒஹைஓபைல் பூங்காதான் பிடிக்கும்.

சைவச் சாப்பாட்டுக்கு என்ன பண்றது? பிட்ஸ்பர்க் கோயில் வழியில வருமா?

வரும். டர்ன்பைக்கில் 57ஆம் எண் வெளிவழியில் இறங்கினால் பென் ஹில்ஸ் மேட்டில் ஸ்ரீ வெங்கடேஸ்வரர் கோயில் அருகில்தான். 1970களில் கட்டியது, அமெரிக்காவில் நம் பாணியில் எழுந்த முதல் கோயில்களில் ஒன்று. கீழ்த்தள உணவகத்தில் புளியோதரையும் தயிர்சாதமும் கிடைக்கும். ஃபாலிங்வாட்டருக்கு முந்தைய நாளோ மறுநாளோ வைத்துக்கொண்டால் வழிக்கும் பொட்டலம் கட்டிக்கொள்ளலாம்.

மற்ற இடங்களில் ஒன்றைக் கவனியுங்கள். ஆமிஷ் ஊர்களில் பை மாவிலும் சில பிஸ்கட்டிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம், ஆப்பிள் பைதானே என்று நினைக்காமல் கேட்டு வாங்குங்கள். பிரெட்சலில் பெரும்பாலும் வெண்ணெய்தான். வடக்கே இந்திய உணவகத்தை எதிர்பார்க்காதீர்கள். வெல்ஸ்போரோவுக்குக் கிளம்பும்போது ரைஸ் குக்கரும் ஊறுகாயும் கூடவே வரட்டும்.

தேங்க்ஸ்கிவிங் லீவுல காட்டுக்குள்ள நடக்கலாமா?

தேங்க்ஸ்கிவிங் வியாழனை அடுத்த சனிக்கிழமை துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது. மாநிலக் காடுகளிலும் பல பூங்காக்களிலும் வேட்டைக்கு அனுமதி உண்டு. நடக்கத் தடையில்லை, ஆனால் பளீர் ஆரஞ்சு சட்டையும் தொப்பியும் போடுங்கள், பழுப்பும் வெள்ளையும் வேண்டாம். ஸ்டேட் கேம் லேண்ட்ஸ் (வேட்டைக்காக அரசு வைத்திருக்கும் நிலம்) என்று பலகை இருந்தால் நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை வேட்டையாடாதவர்களுக்கும் ஆரஞ்சு கட்டாயம். யோசனையாக இருந்தால் அந்த வாரம் தெற்கோடு நில்லுங்கள்.

பூமிக்கடியில தீ எரியுற ஊர் ஒண்ணு இருக்காமே, யூடியூப்ல பார்த்தோம்?

சென்ட்ரேலியா. 1962இல் நிலக்கரிச் சுரங்கத்தில் பிடித்த தீ இன்னும் அணையவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் காணொளிகளில் வரும் ஓவியச் சாலையை 2020இல் மண்போட்டு மூடிவிட்டார்கள். வீடுகளும் அநேகமாக இல்லை. புதர், சில வெறும் தெருக்கள், கல்லறை, அவ்வளவுதான். நிலம் உள்வாங்கும் அபாயமும் நச்சுவாயுவும் இருப்பதால் சாலையை விட்டு இறங்கக் கூடாது.

அவ்வளவு தூரம் போகிறீர்கள் என்றால், அடுத்த ஊரான ஆஷ்லாண்டில் பழைய நிலக்கரிச் சுரங்கத்துக்குள் சின்ன ரயிலில் அழைத்துப் போகிறார்கள். மலைக்குள் 1,800 அடி போய் நிற்கும், நிலக்கரியை எப்படி வெட்டி எடுத்தார்கள் என்று அங்கேயே காட்டுவார்கள். குளிர்காலத்தில் இயங்காது. வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே குளிரும், குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.